குதிரை தெரிதல்

வீணையிலும் பிடிலிலும் நரம்புகளைத் தாங்கி நிற்கும் சிற்றுறுப்பைக் 'குதிரை' என வழங்குவர். கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக்கு ஓடும் குதிரைகளையே கண்டு பழகினோர்க்கு இப்பெயர் நகைப்பைத் தரினும், நரம்புக்கருவியின் நன்மை தீமைகளுட் பல இதன் முதுகின்மேலேயே ஏறியிருக்கின்றன. யாமும் எம் தோழர் ஒருவரும் மின்கிதார் ஒன்றைக் கையாற் செய்யப் புகுந்து, எக்குதிரையை அமைப்பதென்று இரு திங்கள் வழக்காடினோம். அவ்வழக்கில் யாம் ஆராய்ந்தவற்றை ஈண்டுக் கூறுவாம்.

கருவிக்குரிய மரம் பலா. 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கஜாப் புயல் பழனிமலைப் பக்கமாகக் கடந்தபோது, பண்ணைக்காட்டில் எம் பாட்டனார் நட்டு வளர்த்த பலாமரம் வேரொடு சாய்ந்தது. அதன் அடிமரத்தில் அறுத்த பலகை ஒன்றே இன்று எஞ்சியுளது. வீணைக்கு உகந்ததெனத் தஞ்சைத் தச்சர் தேர்வதும் பலாவே யாகலின், மரத்தைப் பற்றி ஐயமில்லை. ஆனால் ஒருமுறை குடைந்தாற் குடைந்ததே; மாற்றுப் பலகை கிடையாது. செலவைக் கணக்கிடாது கோபுரம் கட்டத் தொடங்கியவனைப் பற்றிய சுவிசேஷ உவமை எமக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

கழுத்தைத் தனியே செய்து நான்கு திருகாணிகளால் உடலோடு பிணித்தல் எம் ஏற்பாடு. 1950-இல் அமெரிக்கராகிய லியோ பெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின்கிதார்கள் இம்முறையைப் பரப்பின. பழந்தமிழ் யாழிலும் பத்தரும் மருப்பும் வெவ்வேறுறுப்புக்களாக ஆற்றுப்படைகளிற் கூறப்படுதலின், இஃது எமக்குப் பெரும் புதுமையாகத் தோன்றவில்லை. மாரிக்காலத்து மலைமஞ்சால் மரம் சிறிது அசையினும், திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தின் சாய்வைத் திருத்திக்கொள்ளலாம்.

மூவகைக் குதிரைகள் எம்முன் நின்றன. முதலாவது, 1954-இல் கிப்சன் கம்பெனியார் வெளியிட்ட, இரு தூண்களின்மேல் நிற்கும் உயர்குதிரை. அஃது உயர்ந்து நிற்றலின், கழுத்தும் பின்னோக்கிச் சாய்தல் வேண்டும். தட்டையான பலகையில் நேராகப் பொருத்தும் கழுத்திற்கு அஃது இசையாது. இசைவிக்க வேண்டின் கழுத்துக்குழியைச் சாய்வாகச் செதுக்கல் வேண்டும். எம் கைத்திறம் அத்துணைத் தன்று. இதனை இருவரும் ஒருமனதாய் விலக்கினோம்.

இரண்டாவது, அதே 1954-இல் ஸ்ட்ராட்டகாஸ்டர் என்னும் கிதாரில் வந்த ஆடுகுதிரை. பலகையின் பின்புறத்தே குடைந்த அறையிற் சுருள்விற்கள் நின்று, நரம்புகளின் இழுவிசையைச் சமன் செய்யும். கைப்பிடியை அழுத்த ஆறு நரம்பும் ஒருங்கே தளர்ந்து சுருதி தாழும், விட்டால் மீளும். எம் தோழர் இதன்மேல் மால்கொண்டார். "கமகம் இல்லாத தமிழிசை உண்டோ? கீர்த்தனைக்கு இக்கைப்பிடி இன்றியமையாதது" என்றார். அவர் கூற்று எளிதில் தள்ளற்பாலதன்று. எம்மூர்ச் சபையில் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை வாசித்தற்கே இக்கருவி எழுகின்றது. அசைவற்ற ஓசையாற் பயனென்னை?

ஆயினும் வீணையை நோக்குக. வைணிகர் இடக்கை விரலால் நரம்பை மெட்டின்மேற் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை எழுப்புவர். பித்தளைத் தகடு வேய்ந்த மரக்குதிரையோ நிலைபெயராது நிற்கும். ஆடுகுதிரையில் அவ்வாறு ஒரு நரம்பை இழுப்பின், மிகுந்த விசைக்கு இடங்கொடுத்துக் குதிரை முன்சாயும். உடனொலிக்கும் ஏனைய நரம்புகள் சுருதி தாழும். ஆதார சுருதி தாழ்ந்தபின் கமகம் எற்றுக்கு? ஒரு நரம்பு அறுந்தாலோ, மற்றை ஐந்தும் சுருதி பிறழும். ஆராதனையின் நடுவே அது நேர்ந்தாற் பாடுவோர் நிலை என்னாம்?

மூன்றாவதாகிய நிலைக்குதிரை பலகையோடு இறுகப் பிணிக்கப்படுவது. யாம் கருதியதில் நரம்புதோறும் முன்னும் பின்னும் நகரத்தக்க சிறு தாங்கி உண்டு. மெட்டில் விரலை அழுத்துங்கால் நரம்பின் இழுவிசை மிக்குச் சுரம் சற்றே உயரும். தடித்த நரம்பில் இது மிகுதி. ஆதலின் மேருவினின்று குதிரைவரை 25½ அங்குலமும், பன்னிரண்டாம் மெட்டுவரை 12¾ அங்குலமும் அளந்தபின், தாங்கிகளைச் சிறிது பின்தள்ளிச் செவியாற் சரிபார்த்தல் வேண்டும். வீணையின் மெட்டுக்கள் மெழுகிற் பதிக்கப்படுதலின், அவற்றையே பெயர்த்துத் திருத்தலாம். கிதாரின் மெட்டுப் பெயராது. குதிரையே அச்சுமையைத் தாங்கும். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், ஸ்தாயியைச் சமபாகங்களாக வகுத்தலே முறையென வாதித்தார். கிதாரின் மெட்டுக்களும் பன்னிரு சமபாகத்தனவே. ஆயினும் குதிரை இடம் பிறழின் அக்கணக்கு முழுதும் பாழாம்.

வாதத்தினும் செவியே சிறந்த நடுவர். இரவல் வாங்கிய ஆடுகுதிரைக் கிதாரொன்றில், ஒரு நரம்பை ஆதார சுருதியாக ஒலிக்கவிட்டு மற்றொன்றை இழுத்துக் கேட்குமாறு தோழரை வேண்டினோம். மும்முறை இழுத்துக் கேட்டார். பின்னர், "கைப்பிடி வேண்டா, விரலையே பழக்குவேன்" என்றார். அவர் விட்டுக்கொடுத்தது சிறிதன்று என்பதை யாம் அறிவோம்.

நிலைக்குதிரைக்குச் சில சிறு துளைகளே போதும், பின்புறத்தைக் குடையவேண்டுவதில்லை. இதனை எம் பாட்டியாரிடம் கூறினோம். அவர் பலகையின்மேற் பென்சிலால் இட்ட குறிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று வினவி, துளையிட இசைவளித்தார்.