உலகம் மைனஸ் ஒண்ணு

ஞாயித்துக்கிழமை அதுவுமா வீட்ல காபிப் பொடி தீர்ந்து போச்சு. புனேயில எல்லாம் கிடைக்கும். நம்ம நாக்குக்குத் தோதான காபிப் பொடி மட்டும் தேடிப் போய்த்தான் வாங்கணும். வாகட்ல இருந்து ராஸ்தா பேட் வரைக்கும் வண்டிய விரட்டினேன். பொடி வாங்கிட்டுத் திரும்புறப்ப, வந்தது வந்தோம், ஜூனா பஜாரையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு வண்டிய ஓரங்கட்டினேன்.

ஜூனான்னா மராத்தியில பழசு. புதனும் ஞாயிறும் கூடுற பழைய சாமான் சந்தை அது. துருப்பிடிச்ச ஸ்பேனர், பித்தளை விளக்கு, செல்லாத காசு, முள் ஓடாத கடிகாரம்னு தரையில விரிச்சுப் போட்டிருப்பாங்க. அங்கதான், ரெண்டு டிரான்சிஸ்டருக்கும் ஒரு மிக்ஸி ஜாருக்கும் நடுவுல அது கிடந்துச்சு. அழுக்கு வெள்ளைப் பொட்டி. வயர் சுத்துன ரெண்டு ஜாய்ஸ்டிக். ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. மஞ்சள் கலர்ல ஒரு கேசட், அது மேல '9999999 இன் 1'.

"கிதீலா?"ன்னேன். "பாஞ்ஷே"ன்னார். "சாலூ ஆஹே கா?"ன்னு கேட்டா, "ஏக்தம் சாலூ, சாஹேப்"ன்னு சிரிக்கிறார். முன்னூறுக்கு முடிச்சேன். 2007-ல இந்த ஊருக்கு வந்தப்ப ஒரு வார்த்தை மராத்தி தெரியாது. இப்ப பேரம் பேசுற அளவுக்குத் தேறியிருக்கேன். :)

வாங்குனது என் பொண்ணுக்குன்னு வீட்ல சொல்லிக்கிட்டேன். உண்மையில எதுக்கு வாங்கினேன்னு சொல்லணும்னா கொசுவத்தியக் கொஞ்சம் பெருசாவே சுத்தணும்.

1997. திருச்சி பொன்மலை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். எனக்கு வயசு பன்னெண்டு, தம்பிக்கு எட்டு. மெட்ராஸ்ல இருந்து வந்த சித்தப்பா பர்மா பஜார்ல ஒரு டிவி கேம் செட் வாங்கிட்டு வந்தார். ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனி 1983-ல கொண்டு வந்த ஃபேமிகாமோட அச்சு அசல் நகல் அதுன்னு எல்லாம் அப்பத் தெரியாது. இந்தியா பூரா எங்கள மாதிரிப் பசங்க ஆடுனது பெரும்பாலும் அந்த நகல்களத்தான்.

மாரியோ ஆடின அனுபவத்த எல்லாரும் எழுதிட்டாங்க. மாரியோ ஆட முடியாம போன அனுபவத்த யாரும் எழுதல. எங்க கதை அதுதான். செட்டை டிவியோட ஆன்டெனா ஓட்டைல சொருகி, சேனல் திருகாணியத் திருகித் திருகி படம் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். படம் வந்துட்டா புள்ளி புள்ளியா மழை பெய்யும். மழை நின்னா சத்தம் வராது. எல்லாம் சரியாகி மூணாவது உலகத்துல தாண்டிக்கிட்டு இருக்கும்போது, அடுப்படியில அம்மா சட்னிக்கு மிக்ஸிய ஒரு சுத்து சுத்துவாங்க. வோல்டேஜ் இறங்கி கேம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். சேவ் பண்ற வசதியெல்லாம் அந்தக் கேசட்டுல கிடையாது. 'அம்மா...'ன்னு ரெண்டு பேரும் சேர்ந்து கத்துவோம். கொஞ்ச நாள்ல, "அரைக்கப் போறேன், நிறுத்திக்கோங்கடா"ன்னு அம்மாவே குரல் கொடுக்க ஆரம்பிச்சாங்க. சில நாள் மிக்ஸிய விட்டுட்டு அம்மியில அரைச்சாங்க. அது அப்ப எங்களுக்குப் பெருசாப் படல.

அப்பறம் அந்தத் தொண்ணூத்தொம்போது லட்சம் கேம். ஆசையா எண்ணிப் பாத்தா ஏழெட்டுதான் தேறும். அதையே திரும்பத் திரும்ப வேற வேற பேர்ல போட்டு லிஸ்ட்ட நீட்டியிருப்பாங்க. ஒண்ணு முதல் கட்டத்துல ஆரம்பிக்கும், இன்னொண்ணு அஞ்சாவது கட்டத்துல. அவ்வளவுதான் வித்தியாசம். கேசட் எடுக்கலேன்னா உருவி, 'ஃபூ'ன்னு ஊதி, திரும்பச் சொருகுவோம். ஊதறதுனால ஒரு பிரயோசனமும் இல்ல, எச்சில் ஈரம் பட்டு உள்ள இருக்குற செம்புப் பட்டைதான் கெட்டுப் போகும், உருவித் திரும்பச் சொருகறதுலதான் கனெக்ஷன் சரியாகுதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சேன். நின்டெண்டோவே ஊதாதீங்கன்னு சொல்லியிருக்கு. நம்ம ஊர்ல யார் கேட்டா?

எங்க கேசட்டுல மாரியோ அரைகுறை. பாதியில நின்னுடும். அதனால அடுத்த லைன் கார்டு வீட்டுப் பையன்கிட்ட ஒரு வார இரவல்ல தனி மாரியோ கேசட் வாங்கிட்டு வந்தேன். தொலைச்சாலோ கெடுத்தாலோ காசு தரணும்னு அவங்கம்மா சொல்லித்தான் கொடுத்தாங்க.

மூணாவது நாள் தம்பி வந்து, "அண்ணே, ஒண்ணு-ரெண்டு முடியிற இடத்துல தண்ணி வருதுண்ணே"ன்னான். நான் சிரிச்சேன். தண்ணி வர்றது ரெண்டு-ரெண்டுல. ஒண்ணு-ரெண்டுல ஏது தண்ணி? "புளுகாதடா"ன்னேன். அடுத்த நாளும் அதையே சொன்னான். நான் காது கொடுக்கல.

அதுக்கு மறுநாள் சாயங்காலம் அவன் போட்ட சத்தத்துல ஓடி வந்து பாக்குறேன். திரையில மாரியோ நீந்திக்கிட்டு இருக்கான். மேல உலகம்னு எழுதி, அது பக்கத்துல 1-2 இல்ல, 2-2 இல்ல. மைனஸ் ஒண்ணு. கடைசி வரைக்கும் நீந்திப் போய்க் குழாய்க்குள்ள நுழைஞ்சா, திரும்ப அதே தண்ணியோட ஆரம்பத்துக்கே வருது. மறுபடி போனா மறுபடி அதே. வெளிய வர வழியே இல்ல.

எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. இரவல் கேசட். கணக்குப் பாடத்துல மைனஸ்னா இல்லாததுக்கும் கீழன்னு அந்த வருஷம்தான் படிச்சிருந்தேன். கேசட் போச்சுன்னு முடிவு பண்ணி, அப்படியே கைய விட்டு அதை உருவிட்டேன். திரும்பச் சொருகினா திரை பூரா சம்பந்தமில்லாத எழுத்து, கோடு, கட்டம். ஊதிப் பாத்தேன், துடைச்சுப் பாத்தேன். அந்தக் கேசட் அதுக்கப்பறம் எடுக்கவே இல்ல.

தம்பிய அடிச்சேன். சும்மா ஒண்ணு ரெண்டு இல்ல, நல்லாவே அடிச்சேன். அப்பா ட்யூட்டி முடிஞ்சு வந்ததும், "இவன் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டான்"னு சொன்னேன். அப்பா எங்க ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை திட்டல. சட்டையக்கூடக் கழட்டாம கார்டு வீட்டுக்குப் போய் 250 ரூபாய் கொடுத்துட்டு வந்தார். அந்த மாசம் எங்க வீட்ல என்னென்ன குறைஞ்சுதுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. தம்பி அதுக்கப்பறம் ஜாய்ஸ்டிக்கத் தொடல. நான் ஆடுறப்ப பின்னாடி உக்காந்து பாப்பான், அவ்வளவுதான்.

பொட்டி தட்டுற வேலைக்கு வந்தேன்ல, அதுல எனக்கு வாய்ச்சது டெஸ்டிங். அடுத்தவன் எழுதுன ப்ரோக்ராம்ல ஓட்டை கண்டுபிடிக்கிற புண்ணியம். 2009-ல ஒரு ராத்திரி ஹிஞ்சவடி ஆபீஸ்ல ஆணி எதுவும் இல்லாம பழைய கேம்களப் பத்தி மேஞ்சுக்கிட்டு இருந்தப்ப, அந்த மைனஸ் ஒண்ணு உலகப் புகழ் பெற்ற சங்கதின்னு தெரிஞ்சுது. 1985-ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்னைக்கு ஒரு போட்டோவுக்குக் கூடப் பத்தாது. அதுக்குள்ள எட்டு உலகம், முப்பத்திரண்டு கட்டம். ஒண்ணு-ரெண்டோட கடைசியில குழாய்க்குப் பக்கத்துச் சுவத்துல சரியான இடத்துல குனிஞ்சு பின்பக்கமாக் குதிச்சா மாரியோ சுவத்துக்குள்ளயே புகுந்து அந்தப் பக்கம் போயிடுவான். எந்தக் குழாய் எந்த உலகத்துக்குங்கற விவரம் அப்ப இன்னும் சரியா ஏறியிருக்காது. வேற கட்டத்துக்கான விவரமே அங்க நிக்கும். அதுல ஓரக் குழாய்க்குள்ள நுழைஞ்சா கேம் 36-ஆவது உலகத்துக்கு அனுப்பும். அப்படி ஒரு உலகமே இல்ல. திரையில அந்த 36-ஆம் எண்ணுக்கு உரிய எழுத்து வெறும் இடம். அதனால '36-1'ங்கறது வெறும் '-1'ன்னு தெரியுது. மைனஸே இல்ல அது, நடுவுல இருந்த கோடு!

பேக்மேன்லயும் இப்படி ஒண்ணு உண்டு. 256-ஆவது கட்டத்துல பாதித் திரை குப்பையாயிடும். கட்டத்த எண்ணுற இடத்துல 255-க்கு மேல இடம் இல்ல. பெரிய ஆளுங்க செஞ்ச தப்புதான் இதெல்லாம்.

ஆக, தம்பி எதையும் கெடுக்கல. அன்னைக்கு ராத்திரியே அவனுக்குப் போன் பண்ணியிருக்கணும். பண்ணல. 'அப்பக்கூட, அவன் அங்க போனதுனாலதானே கேசட் போச்சு'ன்னு மனசுக்குள்ள ஒரு மூலையில சமாதானம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

இப்ப இந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். பொட்டிய எங்க எல்இடி டிவியில மாட்டினேன். அதிசயமா படம் வந்துச்சு. பொண்ணு துப்பாக்கிய எடுத்து வாத்தச் சுட்டா. ஒண்ணும் விழல. நாய் மட்டும் எழுந்து சிரிக்குது. "அப்பா, துப்பாக்கி ரிப்பேர்"னா. ரிப்பேர் இல்ல கண்ணு, துப்பாக்கிக்குள்ள ஒரு கண்ணு இருக்கு, விசையை அமுக்கினதும் திரை ஒரு கணம் கறுத்து வாத்து இருக்குற இடம் மட்டும் வெள்ளையாகும், அந்த வெளிச்சத்த அது பிடிக்கணும், பழைய பிக்சர் ட்யூப் டிவியோட வேகத்துக்குன்னு செஞ்சது அது, இந்த டிவி படத்தத் தாமதமாக் காட்டுதுன்னு விளக்கினேன். பாதி கேட்டா. அப்பறம் அலுத்துப் போய், "வேற கேம்"னு சொல்லி, ஸ்விட்ச் அணைக்காமலே கேசட்ட உருவிட்டா.

திரை பூரா எழுத்து, கோடு, கட்டம்.

"ஏய்..."னு கத்த வாயெடுத்தவன் அப்படியே நின்னுட்டேன். கரண்ட் ஓடுறப்ப உருவினா உள்ள இருக்குற பட்டைங்க எல்லாம் ஒரே நேரத்துல விலகாது. எந்த சிப்புக்கு என்ன போய்ச் சேரும்னு சொல்ல முடியாது. அணைக்காம உருவாதேன்னு அதனாலதான் சொல்றது. என் பொண்ணுக்கு வயசு எட்டு. அவளுக்குத் தெரியாது. எனக்கு அன்னைக்கு வயசு பன்னெண்டு, அணைச்சுட்டுத்தான் எடுக்கணும்னு சித்தப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கேசட்ட உருவுனது என் கை.

ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். அவன் இப்பவும் திருச்சியிலதான் இருக்கான்.

"டேய், அந்த மாரியோ கேசட் ஞாபகம் இருக்காடா? கார்டு வீட்டுது."

"ம்."

"அதக் கெடுத்தது நான்தான்டா. ஸ்விட்ச் அணைக்காம உருவிட்டேன்."

"தெரியும்ண்ணே."

"தெரியுமா? ஏன்டா அப்பாகிட்ட சொல்லல?"

"நான்தான் ஏற்கனவே அடி வாங்கிட்டேன்ல. அதுக்கு மேல நீயும் எதுக்குன்னு விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் என்ன பேசறதுன்னு தெரியல. எங்க வேலையில ஒரு பக் வந்தா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். இத்தன வருஷமா சின்னப் பசங்கள எல்லாம் உக்கார வெச்சு அதத்தான் சொல்லிக் கொடுக்குறேன். யாரு பண்ணான்னு கேக்காத, எப்படிப் பண்ணேன்னு கேளு. அந்தக் கேள்விய அவன்கிட்ட நான் கேட்டதே இல்ல.

"எப்படிடா போனே அங்க?"

தம்பி சொல்ல ஆரம்பிச்சான். பெரிய மாரியோவா இருக்கணும், மேல இருக்குற கல்ல உடைக்கணும், ஓரத்துக் கல்ல மட்டும் விட்டு வைக்கணும், குழாய் விளிம்புல நின்னு குனியணும்னு ஒவ்வொண்ணாச் சொன்னான். 2009-ல நான் படிச்சதுல இருந்து ஒரு அடி கூட மாறல.

"முதல் தடவை தெரியாமத்தான்ண்ணே போனேன். நீ நம்பல. அதான் ரெண்டு நாளா அதையே பழகினேன். அன்னைக்கு உன்னக் கூப்பிட்டது உனக்குக் காட்டத்தான்."

பொங்கலுக்குத் திருச்சி போறோம். பொட்டியையும் எடுத்துட்டுப் போறேன். அம்மா வீட்ல அந்தப் பழைய டிவி இன்னும் பரண்ல இருக்காம், எடுக்குமான்னு தெரியாது. எடுத்தா ஜாய்ஸ்டிக்க முதல்ல அவன் கைல கொடுத்துட்டு நான் பின்னாடி உக்காரணும்.