அப்பத்தா பட்டாவும் என் வரைபடமும்



எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார், செட்டிநாட்டுப் பழைய வீடுகளைச் செப்பனிடப் போவார். 'படிச்ச பிள்ளை' என்பதால் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கையில்தான் தருவார்கள்.

சென்ற ஆண்டு என் படிப்புச் செலவுக்காக அப்பத்தாவின் நாற்பது சென்ட் நிலத்தின் பேரில் கடன் கேட்டோம். பட்டா வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரில் இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை! படித்துப் பார்த்தால்... ஓர் எழுத்து மாறி, அப்பத்தாவின் பெயர் ஆம்பளைப் பெயராகியிருந்தது. "நான் உசுரோடதானடா இருக்கேன், எம் பேரு எங்கடா போச்சு?" என்று கேட்டது அப்பத்தா. கடன் கிடைக்கவில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

தப்பு எங்கே நடந்தது? அப்போதுதான் எங்கள் ஆசிரியர் ஒரு வழி சொன்னார். இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் வார்ட்லி 2005-ல் ஒரு வரைபட முறையை உருவாக்கினார். பிற்பாடு அந்நாட்டு அரசிலும் அது பயன்பட்டது. மேலே மக்களின் தேவையை எழுத வேண்டும். அது எதை நம்பி நிற்கிறது, அது வேறு எதை நம்பி நிற்கிறது என்று கீழே கீழே இறங்க வேண்டும். கரண்ட் போல எங்கும் கிடைப்பதை வலப்பக்கமும், ஒவ்வொரு முறையும் ஆளே பார்த்துச் செய்ய வேண்டியதை இடப்பக்கமும் குறிக்க வேண்டும். அவ்வளவுதான்!

டிராயிங் ஷீட்டில் வரைந்தேன். உச்சியில் அப்பத்தா. அதன் கீழே பட்டா நகல், 'தமிழ்நிலம்' மென்பொருள், இன்டர்நெட். இவையெல்லாம் வலப்பக்கம். அதற்கும் கீழே, இடது ஓரத்தில், சர்வேயரின் அளவை, புலப்படம், பழைய பதிவேடு. 1979 முதல் 1987 வரை தமிழகத்தில் யு.டி.ஆர். எனும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அதில் கையால் எழுதிய பதிவேடுகள்தான் பின்னாளில் கணினிக்கு ஏறின. பழைய பிழையைக் கணினி பத்திரமாக நகல் எடுத்துக் கொண்டது. பாவம், அது என்ன செய்யும்?

படத்தை அப்பாவிடம் காட்டினேன். "அஸ்திவாரம் எறங்கியிருந்தா மேல்பூச்சு எத்தனை தடவ பூசினாலும் வெடிக்கும்டா" என்றார். நான் ஒரு ஷீட் முழுக்க வரைந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

அதன் பிறகு நகலை மறுபடி மறுபடி எடுப்பதை விட்டேன். மூலப்பத்திரத்தைத் தேடி எடுத்து, பெயர்த் திருத்தத்துக்கு மனுக் கொடுத்தோம். நான்கு மாதம் அலைந்தோம். பெயர் திருந்தியது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டு, அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தது.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் அரசு வேலைக்குப் போவோம். புதிய மென்பொருள் வாங்கக் கையெழுத்துப் போடும் முன், ஒரு தாளில் இந்தப் படத்தை வரைந்து பாருங்கள். எங்கும் கிடைப்பதைப் புதிதாகச் செய்யப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் அடியில் கிடக்கும் பதிவேட்டைச் சரிபார்க்க ஆள் போடலாம். உச்சியில் எழுத வேண்டியது கம்ப்யூட்டரை அல்ல, யாரோ ஒரு அப்பத்தாவை!