திருச்சி சாலையில் ஒரு பெத்சதா

பல்லடத்தில் பேருந்து ஏறித் திருச்சி சாலை வழியாகக் கோவைக்குச் செல்வோர்க்குக் கொங்கு நாட்டின் உழைப்பு வரலாறு சன்னலோரத்திலேயே காட்சி தரும். பல்லடத்தைச் சுற்றி விசைத்தறிக் கூடங்களும் கோழிப் பண்ணைகளும். காரணம்பேட்டையில் கல் உடைக்கும் ஆலைகளின் வெண்புழுதி. சூலூரில் விமானப்படைத் தளம். ஒண்டிப்புதூரையும் சிங்காநல்லூரையும் நெருங்கும்போது பஞ்சாலைகளின் நெடிய மதிற்சுவர்கள். அவற்றுள் சங்கொலி அடங்கிப் போனவை பல. இராமநாதபுரம், சுங்கம் ஆகியவற்றைக் கடந்ததும், "ஜி.எச். எறங்கறவங்கெல்லாம் முன்னால வாங்க" என்று நடத்துநர் குரல் கொடுப்பார். கையில் துணிப்பையும், பையினுள் பழைய மருந்துச் சீட்டுகளும், தூக்குப் பாத்திரமுமாக ஒரு கூட்டம் இறங்கும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாயில் அது.

கோவையின் முதல் பஞ்சாலை 1888ஆம் ஆண்டில் எழுந்தது. 1930களில் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைகளை நம்பி வந்த குடும்பங்களும் பெருகின. உழைப்பவன் நோயுற்றால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கலாகாது என்னும் எண்ணத்தில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பெற்றது. மக்கள் இ.எஸ்.ஐ. என்றழைக்கும் அத்திட்டம், தமிழகத்தில் முதன்முதலாக 1955இல் நம் கோவையில்தான் நடைமுறைக்கு வந்தது. சிங்காநல்லூர்ப் பகுதியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உயர்ந்து நிற்பதன் பின்னணி இதுவே. ஆக, பொது மருத்துவத்தின் இரு பெரும் வாயில்கள் இவ்வொரு சாலையைச் சார்ந்தே அமைந்துள்ளன.

வாயில்கள் இருக்கின்றன, வழி தெரிந்தவர் எத்தனை பேர்? இவ்வினாவே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

இன்று இச்சாலையோரத்துப் பங்குகளில் ஞாயிறு திருப்பலி நிறைவேற்றும் குருக்கள் ஒரு புதிய காட்சியைக் காண்கிறார்கள். ஆலயத்தின் கடைசி வரிசைகளில், தூணோரமாக, இளைஞர் சிலர் அமைதியாக நிற்பர். நம் பாடல்கள் அவர்கட்குத் தெரியா; ஆயினும் எழுந்தேற்றத்தின்போது அவர்கள் தலை வணங்கும் பாங்கு நம்மவர்க்குப் பாடமாக அமையும். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நூற்பாலைகளுக்கும் பின்னலாடைக் கூடங்களுக்கும் வேலை தேடி வந்த மக்கள் அவர்கள். அவர்களுள் பலர் உராவோன், முண்டா இனத்துக் கத்தோலிக்கர். 1885இல் சோட்டா நாகபுரியில் பணி தொடங்கிய பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டண்ட் லீவென்ஸ், நிலவுரிமைச் சட்டங்களைக் கற்று, வழக்குகளில் அம்மக்களுக்குத் துணை நின்றார். அந்தத் துணையின் வழியே திருச்சபையை அறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் தூணோரத்தில் நிற்கிறார்கள்.

அவர்களுள் ஓர் இளைஞர் சென்ற ஆண்டு திருப்பலியின்போது இடைவிடாது இருமக் கேட்டோம். வட மாநிலத்தில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய அருட்சகோதரி ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். அவர் வாயிலாக விசாரித்தோம். ஒன்றரை மாதமாக இருமல், மாலையில் காய்ச்சல், உடல் இளைத்துக்கொண்டே வருகிறது. மருந்துக் கடையில் மூன்று முறை இருமல் மருந்து வாங்கிக் குடித்திருக்கிறார். மருத்துவரை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, தம்மிடம் இவ்வூர் ரேஷன் அட்டை இல்லை. அரசு மருத்துவமனையில் தம்மைச் சேர்க்கமாட்டார்கள். தனியார் மருத்துவமனைக்குச் செல்லப் பணமில்லை என்றார். ஒவ்வொரு மாதமும் ஊருக்கு அனுப்பும் தொகை குறைந்துவிடக் கூடாதே என்னும் கவலை அவருக்கு நோயினும் பெரிதாக இருந்தது.

அவருக்கு இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று கேட்டோம். அப்படியொன்று இருப்பதையே அவர் அறியார். ஒப்பந்தக்காரர் ஒருவர் வழியாக வேலைக்குச் சேர்ந்தவர். கூலி கையில் வருகிறது. வேறெந்தத் தாளும் தரப்படவில்லை. வாசகர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். திட்டம் நடைமுறையிலுள்ள பகுதியில், 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஆலை ஒன்றில் வேலை செய்வோர், ஊதிய வரம்புக்கு உட்பட்டிருந்தால் இத்திட்டத்திற்கு உரியவர்கள். அந்த வரம்பு 2017 சனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. 2019 சூலை முதல் தொழிலாளி செலுத்தும் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி செலுத்துவது மூன்றே கால் ரூபாய். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் இவ்வுரிமை உண்டு. பதிவு பெற்றவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் மருத்துவம் கிடைக்கும். உரிய நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், நோயால் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாட்கள் வரை, ஊதியத்தில் 70 விழுக்காடும் கிடைக்கும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பெயரைப் பதியாமல் விடுவது கணக்குப் புத்தகத்தில் சிறு செயல். நோய் வரும் நாளில் அது ஓர் உயிரின் விலையாகிவிடுகிறது. நம் பங்கு மக்களிலும் சிறு முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் பொருட்டே இதனை விரித்துரைத்தோம்.

எனவே முதல் வாயில் அவ்விளைஞருக்கு மூடியிருந்தது. மறுநாள் அதிகாலையிலேயே அவரையும் அருட்சகோதரியையும் அழைத்துக்கொண்டு இரண்டாம் வாயிலை நோக்கிப் புறப்பட்டோம். புதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளல் நலம். 1966இல் தொடங்கப்பெற்ற கோவை மருத்துவக் கல்லூரி அவிநாசி சாலையில் உள்ளது. அதன் மருத்துவமனையோ சில கிலோமீட்டர் தள்ளி, திருச்சி சாலையில், இரயில் நிலையத்துக்கு அணித்தே உள்ளது. பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு கல்லூரிக்குச் சென்று இறங்கினால் அரை நாள் வீணாகும். ஊர் மக்களைப் போல "ஜி.எச்." என்று கேட்பதே பாதுகாப்பு.

வாயிலினுள் நுழைந்தால், நான்கு மாவட்டத்து மக்களை ஒருங்கே காணலாம். ஈரோட்டு மஞ்சள் காட்டு உழவரும், நீலகிரித் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும், திருப்பூர்ப் பனியன் தொழிலாளரும், கோவை நகரத்தாரும் ஒரே வரிசையில் நிற்பர். எல்லைக்கு அப்பால் அட்டப்பாடியிலிருந்து வந்த மலைமக்களும் அவர்களிடையே இருப்பர். பழைய கட்டடங்களும், ஜப்பானிய நிதியுதவியுடன் எழுந்த புதிய அடுக்குமாடிக் கட்டடமுமாக அது ஒரு சிற்றூர் போலவே விரிந்து கிடக்கிறது. எங்கே தொடங்குவது என்று நம் இளைஞர் திகைத்து நின்றார். அவர் அறிந்த எழுத்து வேறு. அங்குள்ள பலகைகளின் எழுத்து வேறு.

அவ்வேளையில், கணவரைச் சுவரோரம் அமர வைத்துவிட்டு நின்ற மூதாட்டி ஒருவர் தாமாகவே நம்மிடம் வந்தார். "ஏனுங்க, அந்தத் தம்பிக்குச் சீட்டுப் போட்டாச்சுங்களா? மொதல்ல அங்க சீட்டு வாங்கோணுமுங்க. என்ன நோவுன்னு சொன்னாத்தான் எந்த ரூமுன்னு எழுதித் தருவாங்க" என்றார். தாம் முதன்முறை வந்தபோது தமக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றும், முகம் அறியாத ஒரு பெண்தான் கூடவே வந்து காட்டினாள் என்றும் கூறினார். தாம் பெற்ற உதவியை அவர் பெயர் சொல்லாமல் அடுத்தவர்க்கு வழங்கிக்கொண்டிருந்தார்.

சீட்டுப் பெறும் இடத்தில் பெயர், வயது, இருப்பிடம் இவற்றைச் சொன்னோம். கட்டணம் ஏதும் இல்லை. ரேஷன் அட்டையை எவரும் கேட்கவில்லை. ஒன்றரை மாதமாக அவ்விளைஞரை அறையிலேயே அடைத்து வைத்திருந்த அச்சம், அந்தச் சிறு தாள் கைக்கு வந்த கணத்தில் கரைந்தது. பின்னர் நெஞ்சக நோய்ப் பிரிவில் நெடுநேரம் காத்திருந்தோம். மருத்துவர் கேட்டவற்றுக்கு அருட்சகோதரி இந்தியில் கேட்டு விடை கூறினார். சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எழுதித் தந்தார்கள். முடிவுக்காக இன்னொரு நாளும் வர வேண்டியிருந்தது. காசநோய் என்பது உறுதியாயிற்று.

அந்தச் சொல்லைக் கேட்டதும் இளைஞர் கண்கலங்கினார். ஆனால் காசநோயின் கதை மாறி வெகுகாலமாயிற்று. கொங்கு நாட்டு முதியோர்க்குப் பெருந்துறை சானடோரியம் நினைவிருக்கும். காசநோயாளரை ஊரிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் ஓய்வும் தந்து, மாதக்கணக்கில் தங்க வைத்த காலம் அது. இன்று அவ்வளாகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அந்தப் பழைய முறை உலகெங்கும் மாறியதற்கு நம் தமிழகமே ஒரு காரணம். 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினர்க்கு வீட்டிலும் மருந்து தந்து சோதித்தது. வீட்டிலேயே மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்கள் குடும்பத்தார்க்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலக மருத்துவத்தின் போக்கையே திருப்பியது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மருந்தை இடைவிடாது உண்ண வேண்டும், அதனைக் கவனிக்க ஒருவர் வேண்டும்.

வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அதனை அரசு இலவசமாகவே தருகிறது. குடியிருப்புக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். சத்துணவுக்கென 2018 முதல் மாதந்தோறும் வழங்கப்பட்ட 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு வங்கிக் கணக்கில் சேர்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது எளிய விதி. இதனை நம் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

இங்கு நாம் ஒன்றைத் தெளிவாக எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனை இருந்தது, மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, கட்டணம் இல்லை. எனினும் ஓர் இளைஞர் சில கல் தொலைவில் ஒன்றரை மாதம் இருமிக் கிடந்தார். ஏழைக்கு அரசு மருத்துவத்தின் செலவு சீட்டில் இல்லை. இழக்கும் நாட்கூலியிலும், பேருந்துக் கட்டணத்திலும், கேட்டால் விரட்டிவிடுவார்களோ என்னும் கூச்சத்திலும் அது அடங்கியிருக்கிறது.

புனித யோவான் எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தைக் காண்கிறோம். ஐந்து மண்டபங்கள், அவற்றில் நோயாளர் திரள், அவர்களிடையே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்த ஒருவர். நலம்பெற விரும்புகிறாயா என்று ஆண்டவர் வினவியபோது, அம்மனிதர் குளத்தைக் குறை கூறவில்லை. நீரையும் குறை கூறவில்லை. தம்மைக் கொண்டுபோய் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்றே முறையிட்டார். அவர் நோயினும் கொடியது அவர் தனிமை. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவருக்கோ நால்வர் இருந்தனர். அவர்கள் கூரையையே பிரித்தனர்.

அந்த நால்வரை நம் பங்குகளில் தேட முடியாதா? வின்சென்ட் தே பவுல் சபையும், மரியாயின் சேனையும், அன்பியங்களும் நமக்கு உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியரும் நம்மிடையே வாழ்கின்றனர். வாரம் ஒரு நாள், ஒருவர், ஒரு நோயாளியுடன் காலையில் பேருந்து ஏறினால் போதும். ஆதார் அட்டையும் பழைய சீட்டுகளும் உண்ணும் மாத்திரைகளும் பையில் இருக்கட்டும். குடிநீரும் சிற்றுணவும் உடன் இருக்கட்டும். காய்ச்சல், தலைவலி போன்றவற்றுக்கு முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடட்டும். ஐயமிருந்தால் 104 என்னும் எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஆபத்து வேளையில் 108ஐ அழைக்கத் தயங்கலாகாது. வெளிமாநிலத்தவரிடம் சொந்த ஊரில் பெற்ற ஆயுஷ்மான் பாரத் அட்டை உண்டா என்று கேட்டறியுங்கள். 2018 செப்டம்பரில் இராஞ்சியில் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின்படி, உள்நோயாளியாகச் சேர நேரும்போது, இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் மாநில எல்லை கடந்தும் அது பயன்படும்.

1993 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11ஆம் நாளைத் திருச்சபை உலக நோயாளர் தினமாகக் கடைப்பிடிக்கிறது. அன்று நோயாளர்க்காக மன்றாடுகிறோம். அவர்களுக்கு ஆசி வழங்குகிறோம். வரும் ஆண்டில் அந்நாளன்று ஒவ்வொரு பங்கும், துணைக்குச் செல்ல முன்வருவோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஆலய வாயிலில் எழுதி ஒட்டட்டும். நம் விருந்தினர் படிக்கும்படி இந்தியிலும் எழுதட்டும். எனக்கு ஆளில்லை என்று எவரும் சொல்ல இடமின்றிச் செய்வதே நோயாளர்க்கு நாம் செய்யும் மன்றாட்டின் நிறைவாகும்.