உடைத்தால்தான் தெரியும்

மண்பானை வாங்குகிறவர் விரலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. விமானத் தொழிலிலும் இந்த வழக்கம் இன்றுவரை இருக்கிறது. இறக்கையின் மேற்தோலை நாணயத்தால் தட்டி, சத்தம் மந்தமாகக் கேட்டால் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். கேளா ஒலிக் கருவிகளும் உண்டு. ஆனால் ஒட்டு விட்டிருக்கிறதா என்றுதான் இவை சொல்லும். ஒட்டியிருப்பது எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்று சொல்லாது.

பெங்களூரில் இது வெறும் ஆய்வுக்கூடக் கேள்வி அல்ல. ஊரார் என்.ஏ.எல். என்று சொல்லும் தேசிய விமானவியல் ஆய்வகம், இழை நெகிழியால் செய்த 'ஹன்ஸா' விமானத்தை 1993இல் பறக்கவிட்டது. பின்னர் 'தேஜஸ்' என்று பெயர் பெற்ற இலகுரகப் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று இங்கிருந்துதான் முதன்முதலாகக் கிளம்பியது. அதன் உடற்கூட்டு எடையில் சுமார் 45 சதவீதமும் வெளிப்பரப்பில் சுமார் 90 சதவீதமும் இழைக் கலவைகள். மீதியில் பெரும்பகுதி அலுமினியம், டைட்டானியம் போன்ற உலோகங்கள்.

இப்படிப்பட்ட விமானங்களில் இரண்டும் சந்திக்கும் இடம்தான் சிக்கல். ஆணிக்காகத் துளை போட்டால் இழைகள் அறுபடும். பசையால் ஒட்டினால் சுமை பரவலாகும். ஆனால் சுபாவத்தில் இது பொருந்தாத ஜோடி. அலுமினியம் சூட்டில் நீளும். கார்பன் இழை நீளவாட்டில் ஏறக்குறைய நீளுவதே இல்லை. 120 டிகிரியில் ஒட்டி ஆறவைத்தால், விமானம் பறப்பதற்கு முன்பே இணைப்பில் இழுபறி தொடங்கிவிடுகிறது. ஈரம் சேர்ந்தால் கார்பனைத் தொடும் அலுமினியம் அரிக்கும். அதனால் நடுவே கண்ணாடி இழைப் படலம் வைக்கிறார்கள்.

பலத்தை அறியும் சோதனை எளிமையானது. உலோகத் துண்டின் ஓரத்தையும் கலவைத் துண்டின் ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டி, இரு முனைகளையும் இயந்திரத்தில் கவ்வி, அறும்வரை இழுக்க வேண்டும். நல்ல எபாக்ஸி பசை சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வரை தாங்கக்கூடும். 25 மில்லிமீட்டர் அகலம், 12.5 மில்லிமீட்டர் நீளம் உள்ள ஒட்டுக்கு இது 900 கிலோவுக்கும் மேல். ஒரு மாருதி 800 காரையே அதில் தொங்கவிடலாம்.

ஆனால் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, அறுந்த முகத்தை. பசையே நடுவில் கிழிந்து இரு பக்கமும் தங்கியிருந்தால் நல்லது. இழை பிய்ந்து வந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. உலோகம் பளபளவென்று தனியே கழன்று வந்திருந்தால், எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலைப்பட வேண்டும். ஈரமும் சூடும் சில வருடங்களில் மீதி வேலையை முடித்துவிடும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளின் மேல் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை பறந்து போனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். அங்கே ஒட்டியிருந்தது உலோகத்தோடு உலோகம். 19 வருடங்களில் ஒட்டு விட்டுப்போய், சுமை முழுவதும் ஆணிகளின் மேல் விழுந்து, துளைகளில் விரிசல் ஓடியிருந்தது.

அறுந்தால் விமானமே போய்விடும் என்ற ஒட்டுக்கு அமெரிக்க விதிகள் மூன்று வழிகளைத் தருகின்றன. ஒட்டு விட்டாலும் தாங்கும்படி வடிவமைக்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் சுமையேற்றிச் சோதிக்கலாம். அல்லது உடைக்காமலே பலத்தை அளந்து உறுதி செய்யலாம். மூன்றாவது வழி ஏட்டில் இருக்கிறது. அதற்கு நம்பகமான கருவிதான் இன்னும் இல்லை. ஆகவே பசையோடு கூடச் சில ஆணிகளையும் அடித்துவிடுகிறார்கள். மேலைநாட்டுப் பொறியாளர்கள் அவற்றைக் கேலியாகக் 'கோழை ஆணி' என்பார்கள். உள்ளே உட்காருபவருக்கு அந்தக் கோழைத்தனம் தேவை.

மற்றபடி எல்லாம் ஒட்டுவதற்கு முந்தைய சில நிமிடங்களில் தீர்மானமாகிறது. சுத்தம் செய்த உலோகத்தின்மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மெல்லிய படலமாகப் பரவினால் சரி. தாமரை இலைத் தண்ணீராக உருண்டால் எங்கோ எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஒரு விரல் ரேகை போதும்.

பாகத்தோடு சேர்த்துச் சில மாதிரித் துண்டுகளையும் அதே அடுப்பில் வேகவைத்து, பிறகு உடைத்துப் பார்க்கிறார்கள். பறக்கப் போகும் பாகத்துக்கு அவைதான் சாட்சி. ஆபத்தும் அங்கேதான். உடைபடப் போவது மாதிரி என்பது எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பள்ளிக்கூடம் பளிச்சென்று இருப்பதுபோல, மாதிரித் துண்டைக் கை கொஞ்சம் கூடுதலாகத் துடைத்துவிடலாம். இரண்டையும் ஒரே மாதிரி துடைத்தாரா என்பது அந்த ஊழியர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தாளில் போடும் கையெழுத்தை நம்பித்தான் விமானி ஏறுகிறார்.