காரை ஆரிட்ட விடுறது?

பாலைவனப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் தண்ணீர், பெற்றோல், வரைபடம் எண்டு பெரிய பட்டியல் போடுவார்கள். காரை எங்க விடுறது எண்டு எழுதுகிறவர்கள் குறைவு. மத்திய அவுஸ்திரேலியாவில் இரண்டு கிழமை நடப்பதற்குத் திட்டம் போட்டபோது எங்களுக்குப் பெரிய தலையிடியாக இருந்தது அதுதான்.

நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் அடிலெய்டில் படிக்கிறார்கள், மற்ற இரண்டு பேர் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். அடிலெய்டிலிருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் காரில் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர். அங்கிருந்து வடக்கே டார்வினுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். அந்த ஊரிலுள்ள பழைய தந்தி நிலையத்தில்தான் லாரப்பின்ரா நடைபாதை தொடங்குகிறது. 1872 இல் அந்த நாட்டின் தெற்கையும் வடக்கையும் இணைத்து இழுத்த தந்திக் கம்பிக்காகக் கட்டின நிலையம் அது. பாதை மேற்கு மக்டொனல் மலைத்தொடர் வழியாக 220 கிலோமீற்றருக்கு மேல் போய் மவுண்ட் சொண்டர் மலையில் முடியும். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். அதனால் குளிர்காலத்தை ஒட்டி, மே தொடக்கம் ஓகஸ்ட் வரைதான் பெரும்பாலானவர்கள் நடப்பார்கள்.

பிரச்சினை என்னவென்றால், இது ஒருவழிப் பாதை. நடந்து முடிக்கிற இடம் ஊரிலிருந்து நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால். வான் ஒன்றை ஒழுங்கு செய்துதான் திரும்ப வேண்டும். அதுவரைக்கும் கார் தனியே நிற்கும். எங்கட ஊரில் கொழும்பு பஸ் எடுக்கிறதெண்டால், மோட்டார்சைக்கிளைத் தெரிஞ்ச கடை வாசலில் விட்டுவிட்டு, "அண்ணை, ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" எண்டு சொன்னால் போதும். அலிஸ் ஸ்பிரிங்ஸில் எங்களுக்குத் தெரிஞ்ச அண்ணை ஒருவரும் இல்லை.

இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நடைபாதை தொடங்குகிற இடத்தில் விடலாம். ஆனால் ஒரே இடத்தில் நாள்கணக்காக நிற்கிற கார், உரிமையாளர் பக்கத்தில் இல்லை எண்டு தானே சொல்லிக்கொண்டு நிற்கும். கார் உடைப்பும் களவும் அந்த ஊர்ச் செய்திகளில் அடிக்கடி வருகிற விஷயம். கடைத்தெருத் தரிப்பிடங்களில் நேரக் கட்டுப்பாடு இருக்கும். விமான நிலையத்தில் விடலாம், ஆனால் நாளுக்கு நாள் கட்டணம் ஏறும். மிச்சம் இருந்தது கரவன் பார்க்குகள். சில இடங்களில், முன்னும் பின்னும் ஓரிரு இரவு தங்கினால், இடைப்பட்ட நாட்களுக்குக் காரை வளவுக்குள் விட விடுவார்கள். நடக்கிறவர்களை ஏற்றி இறக்கும் வான்காரர்களிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

களவு ஒரு பக்கம், அந்த நிலத்தின் குணம் இன்னொரு பக்கம். ஊருக்கு நடுவே ரொட் ஆறு ஓடுகிறது. ஓடுகிறது எண்டது பேச்சுக்குத்தான், வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது வெறும் மணல். அந்த மணலில் 1962 முதல் ஒரு படகுப் போட்டி நடக்கிறது. அடியில்லாத படகுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் காலால் ஓடுவார்கள். 1993 இல் ஆற்றில் தண்ணீர் வந்ததால் அந்தப் போட்டியைக் கைவிட்டார்கள்! கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எங்கோ மலையில் பெய்கிற மழை, வானம் வெளிச்சிருக்கிற இடத்துக்கும் வெள்ளமாக வரும் எண்டதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆற்றுப் படுகை எவ்வளவு காய்ந்திருந்தாலும் அதில் கார் விடக்கூடாது.

கரையில் நிற்கிற பெரிய யூக்கலிப்டஸ் மரங்களின் நிழலும் ஆபத்து. காற்றே இல்லாத நாளிலும் அவை கிளையை முறித்துப் போடும். காய்ந்த புல்லுக்கு மேல் விட்டாலோ, சூடான சைலன்சர் தீ மூட்டிவிடும். ஆகவே வெறும் தரையில், மேடான இடத்தில், மரத்துக்குத் தள்ளி. பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டால் இரண்டு கிழமைக்குப் பிறகும் கார் ஸ்டார்ட் ஆகும். ஹான்ட் பிரேக் இறுகிப் பிடிக்காமல் இருக்கக் கியரில் விட்டு, ரயருக்குக் கல் வைக்கலாம். லைற்றர், ஸ்பிரே போத்தல் ஒன்றையும் உள்ளே விடக்கூடாது. வெளியே தெரிகிற மாதிரி பையும் வைக்கக்கூடாது.

இதையெல்லாம் வீட்டுக்கு வீடியோ கோலில் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்டார்: "கார் கிடக்கட்டும் பிள்ளையள். நீங்கள் வராட்டி ஆருக்குத் தெரியும்?"

நாலு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. அந்த நாட்டின் உள்பகுதிக்குப் போகிறவர்களுக்குச் சொல்லப்படுகிற முதல் விதி, எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வாகனத்தை விட்டுப் போகாதே எண்டதுதான். வாகனம் மனிதரைவிடப் பெரியது, மேலிருந்து தேடுகிறவர்களின் கண்ணில் படும். நாங்கள் செய்யப்போவது அதற்கு நேர் எதிர். காரை விட்டுவிட்டு மலைக்குள் போகப்போகிறோம். ஆள் வரவில்லை எண்டு கவனிக்கிற ஒருவரும் இல்லாத இடத்தில், எவ்வளவு பத்திரமாக நிற்கிற காரும் எங்களுக்கு உதவாது.

அதற்குப் பிறகு நாங்கள் தேடிய விதமே மாறிவிட்டது. இரண்டு கரவன் பார்க்குகளில் கட்டணத்தை மட்டும் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த வயதான அம்மா கட்டணம் சொல்ல முதல் கேள்விதான் கேட்டார். எத்தனை பேர்? எந்த நாள் முடிக்கிறீர்கள்? வராவிட்டால் எத்தனை மணிக்கு நான் பொலிசுக்குச் சொல்ல வேண்டும்? சுவரில் தொங்கின கலண்டரில் எங்கட பெயர்களையும் கார் இலக்கத்தையும் எழுதினார். பிறகு திறப்பைக் கேட்டார். தீயோ வெள்ளமோ வந்தால் காரை நகர்த்த வேண்டி வரும் எண்டார். முன்பின் தெரியாத ஒருவரிடம் திறப்பைக் கொடுக்கலாமா எண்டு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கலண்டரைப் பார்த்தோம். கொடுத்தோம். பற்றரி வயர் கழற்றியிருப்பதையும் சொல்லி வைத்தோம்.

எட்டாம் நாள் ஒருத்தனுக்குக் குதிக்காலில் கொப்புளம் வெடித்து, ஒரு நாள் பிந்தியது. செய்மதிக் கருவியில் அவருக்குச் செய்தி அனுப்பினோம். அன்று இரவு பதில் வந்தது: "சரி. கலண்டரில் ஒரு நாள் தள்ளி எழுதிவிட்டேன். காலைக் கவனி." வெளியே தண்ணீர் உறைகிற குளிர். நாலு பேரும் அதை மாறி மாறி வாசித்தோம். 1,500 கிலோமீற்றருக்கு எங்கட ஆள் ஒருவரும் இல்லாத இடத்தில், நாங்கள் எப்ப வருவோம் எண்டு ஒரு ஆள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆகவே பாலைவனப் பக்கம் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். கமெரா இருக்கா, கேற் பூட்டுவார்களா எண்டு கட்டாயம் கேளுங்கோ. அதோடு, நீங்கள் திரும்பி வாற நாளை அவர்கள் எங்கேயாவது எழுதி வைக்கிறார்களா எண்டும் பாருங்கோ. எழுதாவிட்டால், எழுதுகிற இன்னொரு இடத்தைத் தேடுங்கோ. வந்து சேர்ந்ததும் மறக்காமல் போய்ச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் அவர்கள் தேடத் தொடங்கிவிடுவார்கள்.