நேபாளம் செல்லுமுன்

நேபாளம் செல்ல ஆயத்தமானபோது வரைபடத்தில் நான் அளந்தது தொலைவை மட்டுமே. பொக்காராவிலிருந்து ஜோம்சொமுக்கு விமானத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம். மூச்சிரைப்பு நோயுள்ள உம்மாவையும் அழைத்துச் செல்லலாமென மகிழ்ந்திருந்தேன்.

புறப்படுவதற்கு முந்திய வாரந்தான் உயரங்களைப் படித்தேன். பொக்காரா சுமார் 800 மீட்டர், ஜோம்சொம் 2,700. உடல் பழகச் சில நாட்கள் வேண்டிய ஏற்றத்தை விமானம் அரை மணிக்குள் முடித்துவிடுகிறது! 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் எவருக்கும் வரலாம். முற்றினால் கீழே இறங்குவதே தலையாய மருந்து. ஜோம்சொமிலோ நண்பகல் நெருங்குமுன் காற்று வலுத்து விமானங்கள் நின்றுவிடும். மாலையில் உம்மாவுக்கு மூச்சு முட்டினால் எப்படி இறக்குவது?

மருத்துவரும் தடுத்தார். சீட்டுப் பணம் போயிற்று, போகட்டும். பேவா ஏரிக்கரையில் அமர்ந்தபடியே 6,993 மீட்டர் மச்சபுச்சிரே சிகரத்தை உம்மா கண்குளிரப் பார்த்தார்கள்.