இடது ஐந்து நிமிடம்

அச்சன்புதூரில் சாரல் தொடங்கிவிட்டால் மழை படாத காகிதமும் ஈரமாகிவிடும். மலை இவ்வளவு அருகில் இருப்பதன் கொடுப்பினையும் அதுதான், தொல்லையும் அதுதான். சென்ற ஆனியில் அப்பாவின் மர அலமாரியைப் பூசணத்திலிருந்து காப்பாற்றுவதற்காக ஒழித்து வைத்தபோது அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா அகப்பட்டது. உள்ளே பதினோரு ஃப்ளாப்பிகள். ஒவ்வொன்றின் மீதும் அப்பாவின் கையெழுத்தில் ‘சொல் 1’, ‘சொல் 2’ என்று எண்ணிட்ட சீட்டு.

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன்.

“இதுல என்ன மாமா இருந்தது?”

“தாத்தாவோட சொல் பட்டியல்.”

“இப்ப திறக்குமா?”

திறந்த கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி மாமா. காசு வாங்காம எழுதுறவன் எதுக்கு ஒழுங்கா எழுதணும்? எங்க ஆபீசுல ஒரு குறை வந்தா நாலு மணி நேரத்துல பதில் சொல்லியாகணும். இதுல நீங்க யாரைப் போய்க் கேப்பீங்க?” என்றான்.

நியாயமான கேள்விதான். அன்று என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கதையில் நான் அவனிடம் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருந்தது. அதையும் சேர்த்து இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கி.ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982இல் வெளிவந்ததிலிருந்து அவருக்கு ஒரு குறை. கரிசலுக்கு ஒன்று வந்துவிட்டது, மலையடிவாரத்து நஞ்சைக்கு எங்கே என்பார். கார், பிசானம் என்று இரு போகம் பேசுகிற பூமி இது. நீரையும் வயலையும் பற்றிச் சொல்லத் தனிச் சொற்கள் உண்டு. வாய்க்காலிலிருந்து வயலுக்குள் நீர் திரும்பும் வாய் ‘வாமடை’. குளம் நிறைந்து வழிந்தால் ‘மறுகால்’ பாய்கிறது. இப்படி ஏறத்தாழ 1,400 சொற்களைத் தாள்களில் எழுதிச் சேர்த்து, 1999இல் தென்காசியில் ஒரு டி.டி.பி. நிலையத்தில் கொடுத்துக் கணினியில் ஏற்றினார்.

அந்நாளில் தமிழ் நூல்களும் சிற்றிதழ்களும் பெரும்பாலும் பேஜ்மேக்கரில்தான் உருவாயின. யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்றாலும் அது நம் மேசைகளுக்கு வந்து சேர ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. அதுவரை எழுத்துரு செய்பவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி குடியமர்த்தினார்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் போவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா அப்படித்தான் காட்சியளிப்பாள். இப்படி எத்தனையோ ஏற்பாடுகள். ஒன்றின் கோப்பை மற்றொன்றால் படிக்க இயலாது.

அப்பாவின் சொற்களுக்கு வாய்த்தது ஒரு சிறு நிறுவனத்தின் எழுத்துரு. கணினியின் பின்புறம் செருகிய ஒரு வன்பூட்டு இருந்தால்தான் அது வேலை செய்யும். சில ஆண்டுகளில் நிறுவனம் மூடப்பட்டது. டி.டி.பி. நிலையமும் கைமாறியது. பூட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. மிஞ்சியவை அப்பாவின் கையெழுத்துத் தாள்கள், பதினோரு ஃப்ளாப்பிகள், மெய்ப்புப் பார்ப்பதற்காக அச்சிட்டுக் கொடுத்த பன்னிரண்டு பக்கங்கள்.

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரம் குறிலா நெடிலா என்பதையும் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இந்த இடர்ப்பாட்டைத் தாண்டித்தான் வந்தார். ஆனால் அவர் கையில் இருந்த ஓலையைப் படிக்க எவரிடமும் சாவி கேட்க வேண்டியிருக்கவில்லை. தமிழும் பொறுமையும் போதுமானவையாக இருந்தன. பல தலைமுறை பழைய ஓலையைப் படிக்க முடிந்த நம்மால், ஆறே ஆண்டு பழைய கோப்பைப் படிக்க முடியவில்லை.

*

இனி, அக்கா மகனிடம் சொல்லாமல் விட்ட பகுதி.

2000ஆம் ஆண்டு வாக்கில் உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கூடிக் கே.டி.ஈ. பணிமேசையைத் தமிழாக்கினார்கள். கணினியின் முகப்பில் ‘கோப்பு’, ‘தொகு’, ‘உதவி’ என்று தமிழில் பார்த்தபோது ஏற்பட்ட பரவசத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். அந்தப் பரவசத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்களுள் நானும் ஒருவன். 2005இல் ஒரு பணிமேசைத் திட்டத்தில் சில நூறு தொடர்களைத் தமிழாக்கும் பொறுப்பை ஏற்றேன்.

மொழிபெயர்ப்பவருக்குக் கிடைப்பது வெறும் பட்டியல். எந்தச் சொல் எந்தச் சாளரத்தில் எந்த மூலையில் வரும் என்று பெரும்பாலும் தெரியாது. ‘லெஃப்ட்’ என்று ஒரு சொல் வந்தது. யோசிக்காமல் ‘இடது’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன். அது, கோப்பு நகலாகும்போது இன்னும் எவ்வளவு நேரம் மீதமிருக்கிறது என்று காட்டும் இடத்தில் வரவேண்டிய சொல்.

வீட்டுக் கணினியில் நான் லினக்ஸ் நிறுவி, பணிமேசையைத் தமிழில் வைத்திருந்தேன். அப்பா அதில்தான் பழகினார். ஒருநாள் கூப்பிட்டார். “ஏல, ‘இடது 5 நிமிடம்’னு ரொம்ப நேரமா நிக்குதே. வலது எப்ப வரும்?”

இருவரும் சிரித்தோம். திருத்திவிடுகிறேன் என்றேன். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் செய்யவில்லை. அதற்குள் அந்த வேலையில் எனக்குச் சலிப்புத் தட்டியிருந்தது. அடுத்தடுத்து மூன்று பதிப்புகள் வந்தன. மூன்றிலும் ‘இடது’ இருந்தது. 2009இல் அப்பா காலமானார். அதன் பிறகும் அது இருந்தது.

வேறு எவரும் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டவில்லை. அதைத் தமிழில் வைத்துப் பயன்படுத்தியவர்களே அநேகமாக இல்லை என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும். நான் அறிந்து என் தமிழாக்கத்துக்கு இருந்தவர் ஒரே ஒரு வாசகர். அவர் சொன்ன ஒரே ஒரு குறையை நான் கவனிக்கவில்லை.

*

ஆகவே, திறமூல மென்பொருள் என்றாலே தரமானது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அந்த உலகின் பணிமேசைகளே இதற்குச் சாட்சி. 2008 ஜனவரியில் வெளிவந்த கே.டி.ஈ. 4.0 பாதி வெந்த சோறு. இது அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்று ஆக்கியவர்களே சொன்னார்கள். அதற்குள் அது இலைக்கு வந்துவிட்டது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது, பழகிய திரை ஒரே நாளில் காணாமல் போனதாகப் பலர் புலம்பினார்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்து வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது. கணினியை இயக்கியதும் இரண்டு பெயர்கள் தோன்றும். இரண்டாவதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லித்தர நான் பார்த்த வரையில் ஒருவரும் இல்லை. மென்பொருளைக் கொடுத்துவிட்டால் போதும், பயன்படுத்துபவர் தானாக வந்துவிடுவார் என்பது கட்டற்ற மென்பொருள்காரர்களின் பழைய மூடநம்பிக்கை. எனக்கும் அது இருந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. க்னோம் 3 பிடிக்காதவர்கள் பழைய க்னோம் 2இன் நிரலை எடுத்து ‘மாட்டே’ என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு 2001இல் வந்தது. அடோபி நிறுவனம் இன்டிசைனின் பக்கம் நகர்ந்துவிட்டது. அது ஒரு வணிக முடிவு. அதில் வஞ்சம் ஏதுமில்லை. ஆயினும் பேஜ்மேக்கரே போதும் என்று சொன்ன ஓர் அச்சகத்தாரால் அதை எடுத்து வளர்த்திருக்க முடியாது. செய்தவர் எழுந்து போனபின் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார வழி இருக்கிறதா என்பதையும் தரத்தின் அளவுகோல்களுள் ஒன்றாக வைக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

அப்பாவின் கோப்பு திறந்தது இந்த வழியில்தான். ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கிய 2010ஆம் ஆண்டிலேயே ஓபன் ஆபிஸிலிருந்து ஒரு குழு பிரிந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கியது. 2014இல், கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களைத் திறக்க உதவுவதற்கென்றே அந்த வட்டத்தில் ஒரு திட்டம் உருவாயிற்று. பேஜ்மேக்கர் கோப்பைப் படிக்கும் நிரலை அவ்வாண்டின் கோடையில் ஒரு மாணவர் எழுதினார். 2015 தொடக்கத்தில் வந்த லிப்ரே ஆபிஸ் 4.4இல் அது சேர்ந்தது. செய்தியைத் தற்செயலாகப் படித்துவிட்டு, எப்போதோ வன்தட்டில் நகலெடுத்து வைத்திருந்த ‘சொல் 1’ஐத் திறந்தேன். பக்க அமைப்பு சிதறிப்போயிருந்தது. திரை நிறையப் பொருளற்ற ஆங்கிலக் குறிகள். ஆனாலும் திறந்துவிட்டது.

பிறகு அந்தப் பன்னிரண்டு மெய்ப்புப் பக்கங்களை அருகில் வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட்டேன். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை அடுக்குபவை. ‘கெ’ என்பதில் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடோ ஒலிக்கும் வரிசைப்படி ககரத்தை முதலில் வைக்கும். ‘கொ’ என்றால் முன்னும் பின்னும் பிரிந்து கிடக்கும் துண்டுகளை ஒன்றாக்கவேண்டும். மூன்று வாரங்கள் ஆயின. திரையில் முதன்முதலாக ‘வாமடை’ என்று தெரிந்த இரவில் நான் சற்று நேரம் எழுந்து முற்றத்தில் நின்றேன்.

அந்த மாணவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அச்சன்புதூர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. அவர் செய்ததை முழுமையாகச் செய்து, பிறர் எடுக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் செய்ததை அரைகுறையாக விட்டேன். இருவருமே திறமூலக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

*

காசு இருந்தால் கவனம் வந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, விமானங்கள் நின்றன. அதே ஆண்டு மார்ச்சில், லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் ‘எக்ஸ்.இசட்.’ என்ற சிறு திறமூல நிரலில் எவரோ திருட்டுவாசல் வைத்திருப்பது வெளிப்பட்டது. அதைத் தனியொருவராகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரின் நம்பிக்கையை இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் பழகிப் பெற்ற ஒருவரின் வேலை அது. கண்டுபிடித்தவர் ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட். தொலைவிலிருந்த கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவது அவருக்கு உறுத்தியிருக்கிறது. அவர் வேலை பார்த்ததோ மைக்ரோசாஃப்டில். நிறுவனமா தன்னார்வலரா என்று கட்சி கட்டிப் பேசுபவர்கள் அவரை எந்தப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்?

இங்கிருந்து தென்காசி போய், அதையும் தாண்டிச் சென்றால் மத்தளம்பாறை. 2011இல் ஜோஹோ அங்கே அலுவலகம் திறந்தபோது, கிராமத்திலா மென்பொருள் என்று சிரித்தவர்கள் உண்டு. வாடிக்கையாளரின் குறைகளைப் பெற்றுப் பதில் சொல்ல உதவும் ‘ஜோஹோ டெஸ்க்’ அங்கேதான் உருவாயிற்று. பிறர் குறையைக் காதில் வாங்குவதற்கென்று ஒரு மென்பொருள், நாற்று நடும் வயல்களுக்கு அருகில் இருந்து போயிருக்கிறது. அதன் நிரல் திறமூலமன்று. நான் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. ஆனாலும் குறையைக் கேட்பது ஒரு தொழில், அதற்கு ஆள் வேண்டும், ஒழுங்கு வேண்டும் என்ற பாடத்தை என்னைப் போன்ற தன்னார்வலர்கள் அங்கே கற்கலாம். எழுந்து போவதென்றால் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதை நிறுவனங்கள் அந்த மாணவரிடம் கற்கலாம்.

*

இதையெல்லாம் எழுதுவதற்கு முன், என் பழைய பிழை என்ன ஆயிற்று என்று அண்மையில் தேடிப் பார்த்தேன். எவரும் திருத்தவில்லை. அந்தச் சாளரமே மாற்றியமைக்கப்பட்டு, அந்தச் சொல் தேவையற்றதாகி, பட்டியலிலிருந்து உதிர்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாய்ப்பில்லாமல் போனதுபோல் இருந்தது.

அப்பாவின் பட்டியலில் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. ‘ஏர்’ என்று தேடினால் கணினி இல்லை என்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை. தட்டச்சு செய்தவர் பழைய வழக்கப்படி ‘ர்’ வருமிடமெல்லாம் துணைக்காலை அடித்து அதன் மேல் புள்ளி வைத்திருக்கிறார். நீர், நார், வேர் எல்லாம் அப்படித்தான். சில இடங்களில் முழு ரகரமும் காலாகியிருக்கிறது.

அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். இடது, வலது கதையையும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். காலுக்கு மேல் புள்ளி வந்தால் அது ‘ர்’, சொல்லின் முதலில் கால் வந்தால் அது ‘ர’ என்று ஒவ்வொரு விதியாக எழுதினான். பெரும்பகுதி சரியாயிற்று. விதிக்குள் அடங்காதவை 63. ‘மாம்’ என்று இருப்பது மரமா மாமா என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. அவற்றை அப்பாவின் தாள்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

விடுமுறை முடிந்து அவன் சென்னைக்குப் போய்விட்டான். நேற்றிரவு தொலைபேசியில் அழைத்தான். “மாமா, 41ஆவது சொல்லைப் பார்த்துட்டீங்களா?” என்றான். தாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, காயட்டும் என்றேன். நாளைக்கு மறுபடியும் கேட்பான்.